நாத்தனார் பேரில் வாங்கிய மாத்திரை

அத்தியாயம் 7

மருந்துக்கடைக்காரர் அந்தப் பழைய பதிவேட்டை மேசைமேல் தொப்பென்று போட்டார். கிளம்பிய தூசியில் மோப்பம் மூன்று தடவை தும்மினார்.

"பேருக்கேத்த மூக்கு சார் உங்களுக்கு. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒழுகுது," என்றாள் ஊசி.

மோப்பம் என்பது கோர்ட்டுக்காரர்கள் வைத்த பெயர். இருபத்திரண்டு வருடமாக வக்கீல்களுக்காகத் துப்பறிந்து, ஓடிப்போன சாட்சிகளையும் ஒளித்துவைத்த காகிதங்களையும் பிடித்து வந்ததற்குக் கிடைத்த பட்டம். ஊசி அவருடைய உதவியாளர். வயது நாற்பத்தெட்டு. பத்தொன்பது வருடம் நர்ஸாக இருந்து, ஒரு பெரிய டாக்டரிடம் ஒரு சின்ன உண்மையைச் சொன்னதால் வேலையை இழந்தவள். கையில் ஊசி இல்லாவிட்டாலும் வாயில் எப்போதும் ஒன்று தயாராக இருக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. மாலை ஐந்துக்குக் கோர்ட்டில் மனு வாங்கும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் தையல்காரம்மாவின் வழக்கு உள்ளே போயாக வேண்டும்.

தையல்காரம்மாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது, தூக்கம் இல்லை என்று டாக்டரிடம் போனார். அவர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஏழு வருடம் விழுங்கினார். கடைசியில் மார்பில் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்துக் கை வீங்கியது வீங்கியதுதான், கத்தரி பிடிக்க முடியவில்லை. இத்தனை வருடம் சாப்பிட்ட மாத்திரை காரணமாக இருக்கலாம் என்று புற்றுநோய் டாக்டர் சொன்ன நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்த மூன்று வருடம் இன்றோடு தீர்கிறது. ஏனம்மா கடைசி நாள் வரைக்கும் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டால், "வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்கிறார்.

மாத்திரை எழுதிய டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய கிளினிக் இருந்த இடத்தில் இப்போது மூக்குக் கண்ணாடி விற்கிறார்கள். அந்த அம்மாள் அந்த மாத்திரையைத்தான் சாப்பிட்டார் என்பதற்கு மிச்சமிருக்கும் அத்தாட்சி இந்தக் கடையின் பதிவேடு ஒன்றுதான்.

"எந்த மாத்திரைன்னு சொன்னீங்க?" என்றார் கடைக்காரர்.

மோப்பம் தொண்டையைக் கனைத்தார். "அது வந்து... பொம்பளைங்களுக்கு... ஒரு வயசுக்கு மேல... அந்த இது நிக்கறப்போ..."

"மாதவிடாய் நிக்கற சமயத்துல போடற ஹார்மோன் மாத்திரை," என்றாள் ஊசி. "கொலைகாரனை எதிர்ல உக்கார வெச்சு மூணு மணி நேரம் கேள்வி கேப்பாரு எங்க சார். இந்த ஒரு வார்த்தைக்கு நாக்கு ஒட்டிக்கும்."

மோப்பம் அதைக் காதில் வாங்காதவர்போல் பக்கங்களைப் புரட்டினார். காது மட்டும் சிவந்திருந்தது.

ஏழு வருடப் பக்கங்களில் தையல்காரம்மாவின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

"கதை முடிஞ்சுது," என்றார் மோப்பம். "அந்தம்மா நம்மகிட்ட பொய் சொல்லியிருக்காங்க."

"இருங்க சார். இந்தச் சீட்டைப் பாருங்க."

டாக்டர் கைப்பட எழுதிய சீட்டு ஒன்று, மாத்திரை வாங்கிய முதல் நாளின் பக்கத்தில் ஒட்டியிருந்தது. மாத்திரையின் பெயர் இருந்தது, டாக்டரின் கையெழுத்து இருந்தது. நோயாளியின் பெயர் இருக்க வேண்டிய மேல் பாகத்தை மட்டும் காணோம். அது கிழிந்துபோகவில்லை, வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பல்லாக, ஒரே அளவில் மேலும் கீழும் போனது.

"இப்படி ஓரம் எதுல சார் வரும்?"

மோப்பம் முகத்தைப் பக்கத்துக்கு மிக அருகில் கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து சிரித்தார். "துணி நூல் பிரியாம இருக்கப் பல் வெச்சு வெட்டற கத்தரி. தையக்காரங்க வீட்டுல தவிர வேற யார் வீட்டுல இருக்கும்?"

"அந்தக் கத்தரிய எடுத்து வீட்டுக்காரரு காகிதம் வெட்டினாக்கூட தையக்காரங்க சண்டைக்கு வருவாங்க. அத்தனை பத்திரமா வெச்சிருந்ததை எடுத்துத் தன் பேரை வெட்டியிருக்காங்க பாருங்க."

சீட்டுக்குப் பக்கத்தில் கடைக்காரர் எழுதிவைத்திருந்தது வேறொரு பெண்ணின் பெயர். அவருக்கு ஞாபகம் இருந்தது. "மாசாமாசம் ஒரு அம்மா வருவாங்க. கடையில ஆம்பளைங்க நின்னா தெருவுல ஒரு சுத்து சுத்திட்டு வருவாங்க. என் நாத்தனாருக்கு வேணும்னு கேப்பாங்க, அவங்க பேரைச் சொல்லுவாங்க. நானும் எழுதிக் குடுத்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன வாரம் கோட் போட்ட ஒருத்தர் வந்து இதே பக்கத்தையெல்லாம் படம் எடுத்துட்டுப் போனாரே, நீங்க அவரோட ஆளுங்க இல்லையா?" என்றார்.

மோப்பத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. வழக்குப் போடப்போவதாக, மாத்திரை தயாரிக்கும் கம்பெனிக்கு நோட்டீஸ் போய் இரண்டு வாரம் ஆகிறது. கம்பெனிக்காரர்கள் முந்திக்கொண்டுவிட்டார்கள். அவரும் பக்கங்களை வரிசையாகப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

தையல்காரம்மாவைப் போனில் கூப்பிட்டார்கள். அழுதுகொண்டே ஒத்துக்கொண்டார். "என் பேரைச் சொல்ல உடம்பெல்லாம் கூசிச்சு தம்பி. அவ பேரு வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். ஒரு தடவை சொன்னப்புறம் மாத்த முடியல." நாத்தனார் எங்கே இருக்கிறார் என்றதற்கு ஒரு லாண்டரியின் விலாசம் கொடுத்தார். "ஆனா எங்களுக்குள்ள பேச்சு நின்னு ஆறு வருஷம் ஆச்சு," என்றார். ஏன் என்று கேட்டபோது இணைப்பு அறுந்துபோயிற்று. அவர்தான் வைத்திருக்க வேண்டும்.

தையல்காரம்மாவின் வழக்கை நடத்தும் வக்கீலம்மா போனில் தந்தி பாஷையில் பேசினார். "டாக்டர் மேல போட முடியாது, ஆள் இல்ல. கடைக்காரர் மேல போட்டா, பேரைச் சரிபார்க்கலைன்னு சின்னக் குத்தம், அதோட நிக்கும். போட வேண்டியது கம்பெனி மேலதான். ஆபத்து இருக்குன்னு அவங்க ஆராய்ச்சியிலயே தெரிஞ்சிருக்கு. அப்படியிருந்தும் டப்பாக்குள்ள மடிச்சு வைக்கற சீட்டுல எழுதலை. ஏற்கெனவே நூத்துச் சொச்சம் பேர் கூட்டு வழக்கு போட்டிருக்காங்க, அதுல இவங்களையும் சேர்த்துடறேன். ஆனா கம்பெனி கேக்கற முதல் கேள்வியே, மாத்திரையை நீதான் சாப்பிட்டியான்னு இருக்கும். அந்த நாத்தனார்கிட்ட போங்க. 'என் பேர்ல அண்ணிதான் வாங்கினாங்க, நான் ஒண்ணுகூட சாப்பிடலை'ன்னு கையெழுத்து வேணும். வாசகம் அனுப்பறேன், அச்சடிச்சு எடுத்துட்டுப் போங்க."

"கிடைக்கலைன்னா?"

"அப்பீலே இல்ல. வழக்கு வெளிய."

*

லாண்டரிக்குள் காலெடுத்து வைத்ததும் மோப்பத்தின் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்தது. ஹோட்டல்களிலிருந்து வந்த போர்வைகள் மலைமலையாகக் கிடந்தன. இஸ்திரி மெஷின்கள் வாயைத் திறந்து மூடும்போதெல்லாம் புஸ்ஸென்று நீராவி கிளம்பியது. பதினோரு பெண்கள் வேலை செய்தார்கள், எல்லார் முகமும் வேர்வையில் மின்னியது.

நாத்தனார்தான் அங்கே மேற்பார்வை. ஐம்பத்தாறு வயது, ஒல்லி, பேச்சில் சிக்கனம். கோடியில் முன்பக்கம் அடைக்காத ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த ஹோட்டலுக்கு எந்த மூட்டை என்று சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மோப்பம் கொடுத்த காகிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். மடித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏம்மா? உங்க அண்ணிக்கு ஒரு பக்கத்தையே எடுத்தாச்சு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம்? இதுல இருக்கறது உண்மைதானே?"

நாத்தனார் சீட்டுக் கட்டும் கயிறு எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தார். மோப்பத்தின் கண் உள்ளே பாய்ந்தது. ஒரு காகிதத்தோடு குத்திவைத்த விசிட்டிங் கார்டு. கம்பெனி வக்கீலின் கார்டு.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். மோப்பம் யானைகூட இல்லை. ஐந்து மணிக்கு இன்னும் நாலரை மணி நேரம்தான் என்ற பதற்றமும், கோட்டுக்காரன் தன்னை முந்திவிட்டான் என்ற எரிச்சலும் சேர்ந்து மண்டைக்கு ஏறிவிட்டன. மெஷின் சத்தத்தை மீறிக் கத்தினார்.

"கம்பெனிக்காரன் வந்துட்டுப் போயிருக்கானா? அதான பாத்தேன்! எவ்வளவு குடுத்தான்? சொந்த அண்ணன் பொண்டாட்டி சாகக் கிடந்தாங்க, அதுல வியாபாரமா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பதினோரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனாரின் முகம் கழுத்து வரைக்கும் ரத்தமாய்ச் சிவந்தது.

"இருக்கு," என்றார் மெதுவாக. "வெக்கமாத்தான் இருக்கு. போங்க."

*

தெருவுக்கு வந்ததும் மோப்பம் வெற்றி பெற்றவர்போல் கைகளைத் தட்டிக்கொண்டார். "பாத்தியா ஊசி? தன் வாயாலயே ஒத்துக்கிட்டா."

ஊசி நின்றுவிட்டாள். "சார், நெல்லைக் கொட்டினா அள்ளிடலாம். சொல்லைக் கொட்டினா அள்ள முடியாது. இப்ப கொட்டிட்டு வந்திருக்கீங்க பாருங்க ஒரு மூட்டை."

"என்ன சொல்ற?"

"கார்டைப் பாத்தீங்க. கார்டு குத்தியிருந்த காகிதத்தைப் பாத்தீங்களா? நான் நின்ன இடத்துலேர்ந்து கடைசி வரி தெரிஞ்சுது. கையெழுத்துப் போடற இடம் காலி. விலை போனவங்க எதுக்கு சார் அதைக் காலியா விடணும்?"

மோப்பம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடுத்தது. உள்ள அடுப்பு மாதிரி கொதிக்குது. எல்லாரும் செருப்பைக் கூடக் கழட்டிட்டு நிக்கறாங்க. அவங்க மட்டும் இடது கால்ல முட்டி வரைக்கும் தடிச்ச சாக்ஸ் போட்டிருக்காங்க. வலது கால்ல இல்ல. கையில அங்கங்க நீலம் கட்டியிருக்கு."

"அதை நானும் பாத்தேன். கம்பெனி ஆளுங்க மிரட்டிக் கையை முறுக்கியிருப்பாங்கன்னு..."

"சினிமா பாக்கறதைக் கொஞ்சம் குறைங்க சார். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்குக் கட்டில் கால்ல இடிச்சாலே அப்படிக் கட்டும். அந்த சாக்ஸ், கால் நரம்புல ரத்தம் கட்டிக்கிட்டவங்களுக்குக் குடுக்கறது. அது எதனால வரும்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல ஹார்மோன் மாத்திரையும் உண்டு. இப்ப உங்க போனைக் குடுங்க."

பதிவேட்டின் படங்களை அவள் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். முதல் இரண்டு வருடம் மாதம் ஓர் அட்டை. மூன்றாவது வருடத்திலிருந்து ஐந்தாவது வருட முடிவு வரை மாதம் இரண்டு அட்டை. பிறகு திடீரென்று மறுபடி ஒன்று.

"ஒரு அட்டையில இருபத்தெட்டு மாத்திரை. நாளுக்கு ஒண்ணு. ஒரு உடம்புக்கு மாசம் ஒரு அட்டை போதும் சார்."

மோப்பம் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். காலையிலிருந்து அவர் கையில்தான் இருந்தன. பெயரைத் தேடுகிற மும்முரத்தில் எண்ணைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பது இப்போது பளிச்சென்று விளங்கியது. கூடவே தான் கத்தியதும், மெஷின்கள் நின்றதும், அந்தக் கழுத்து சிவந்ததும் ஞாபகம் வந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

"திரும்பப் போலாமா?" என்றார்.

"போலாம். ஆனா இந்தத் தடவை நான் பேசறேன், நீங்க மூக்கை மட்டும் வெச்சுக்கிட்டு சும்மா நில்லுங்க."

*

நாத்தனார் பின்பக்கத்து அறையில், கவிழ்த்துப்போட்ட துணிக்கூடைமேல் இடது காலை நீட்டி வைத்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் புடவையை இழுத்துக் காலை மூடினார். சாப்பாட்டு டப்பா திறக்காமல் பக்கத்தில் இருந்தது.

ஊசி தரையில் உட்கார்ந்தாள். "எத்தனை வருஷமாக்கா இந்தக் கால்?"

கதவுக்கு வெளியே மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன.

"ஆறு வருஷம்," என்றார் நாத்தனார். "அண்ணிதான் பாவம் பாத்துக் குடுத்தாங்க. எனக்கும் அந்த வயசு வந்துடுச்சு. இங்க எல்லாருக்கும் வேர்க்கறதால யாருக்கும் தெரியல. வீட்டுலதான் தாங்க முடியல. அண்ணி, 'நான் போடறேன், நல்லா இருக்கு, நீ டாக்டர்கிட்ட எல்லாம் போய் அசிங்கப்பட வேணாம், உன் பேர்லதான வாங்கறேன், ரெண்டா வாங்கிடறேன்'னாங்க. மூணு வருஷம் போட்டேன். ஒருநாள் கால் வீங்கிடுச்சு. ஆஸ்பத்திரியில, வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறியான்னு டாக்டர் கேட்டார். என் வீட்டுக்காரர், என் மகன், ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கறாங்க. இல்லைன்னுட்டேன்."

"சந்தேகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு." இப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "அன்னிக்கே மாத்திரையை நிறுத்திட்டேன். அண்ணிகிட்ட, எனக்கு இனிமே வேணாம்னு மட்டும் சொன்னேன். ஏன்னு சொல்லல. சொன்னா அண்ணன் காதுக்குப் போகும், அப்புறம் ஊருக்கே தெரியும்னு பயம். அந்த பயத்துலயே பேச்சையும் விட்டுட்டேன். அவங்க அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் போட்டிருக்காங்க. நான் வாயைத் திறந்திருந்தா அண்ணியும் அன்னிக்கே நிறுத்தியிருப்பாங்க. ஆபரேஷன்னு கேள்விப்பட்டப்போ போய்ப் பாக்க முகம் இல்ல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

அவர் இடுப்பிலிருந்து இரண்டு காகிதம் எடுத்துக் கூடைமேல் வைத்தார். ஒன்று மோப்பம் கொடுத்தது. எப்போது அதை மேசைமேல் விட்டுவிட்டு ஓடினோம் என்பதுகூட மோப்பத்துக்கு நினைவில்லை. இன்னொன்று கம்பெனி வக்கீலுடையது.

"அவர் காகிதத்துல, எல்லா மாத்திரையும் நான்தான் சாப்பிட்டேன்னு இருக்கு. உங்க காகிதத்துல, ஒண்ணுகூட சாப்பிடலைன்னு இருக்கு. ஒரு பொய் சொல்லி அண்ணிக்கு இந்த கதி ஆயிடுச்சு. இன்னொரு பொய்யில எப்படிங்க கையெழுத்துப் போடுவேன்?"

பேசாமல் நிற்கச் சொல்லியிருந்தும் மோப்பத்துக்கு நிற்க முடியவில்லை. பக்கத்தில் கிடந்த துணிமூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவியும் ஒரு வருடம் முழுக்க ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு பக்கத்து அறையில் தரையில் படுத்தார். 'காத்து வருது, ஜன்னலைச் சாத்து' என்று இவர் எரிந்து விழுந்ததுதான் மிச்சம். என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊரார் ரகசியத்தையெல்லாம் மோந்து பிடிக்கிற மூக்கு, சொந்த வீட்டில் அடைத்துக் கிடந்திருக்கிறது.

"அம்மா, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுடுங்க."

நாத்தனார் அவரை நேராகப் பார்த்தார். "பதினோரு பேர் முன்னாடி கத்தினீங்க. மன்னிப்பை மட்டும் கதவைச் சாத்திட்டுக் கேக்கறீங்க."

மோப்பத்தின் முகத்தில் ஈயாடவில்லை. ஊசிக்கு வேலை வைக்காமல், குத்த வேண்டியதை அந்த அம்மாளே குத்திவிட்டார்.

*

வக்கீலம்மாவின் அறைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. தையல்காரம்மா முன்னாலேயே வந்து, வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாத்தனாரைப் பார்த்ததும் எழுந்தார், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

நாத்தனார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கால், ஆஸ்பத்திரி, டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாம்.

தையல்காரம்மா அந்தக் காலைக் குனிந்து பார்த்தார். "நான் குடுத்த மாத்திரையிலயா? என் கையாலயா உனக்கு..." வக்கீலம்மா பக்கம் திரும்பினார். "வேணாம்மா. வழக்கு வேணாம். கூண்டுல ஏத்தி, நாத்தனாருக்கு விஷம் குடுத்தவதானேன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லுவேன்? எனக்கு வந்தது எனக்கு வேண்டியதுதான். எழுதினதைக் கிழிச்சுப் போடுங்க."

"கேப்பாங்க," என்றார் வக்கீலம்மா. அவருக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது, சட்டம் சொல்லத் தெரியும். "டாக்டர் சீட்டு இல்லாம இன்னொருத்தருக்குக் குடுத்தது தப்புதான், அதை நாமளே முதல்ல எழுதிடுவோம். நாம எழுதினா உண்மை, அவங்க கண்டுபிடிச்சா குத்தம். ஆனா ஆபத்து இருக்குன்னு டப்பாக்குள்ள வைக்கற சீட்டுல ஒரு வரி இருந்திருந்தா குடுத்திருப்பீங்களா? அதைக் கேக்கத்தான் இந்த வழக்கு."

பிறகு நாத்தனாரிடம் சொன்னார். "உங்களுக்கும் வழி இருக்கு. மாத்திரையாலதான் கால் போச்சுன்னு இதுவரைக்கும் எந்த டாக்டரும் உங்ககிட்ட சொல்லல. சந்தேகப்படறது வேற, தெரிஞ்சுக்கறது வேற. உங்க மூணு வருஷம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னு வாதாடலாம். கம்பெனி சண்டை போடும். ஜெயிப்போம்னு சத்தியம் பண்ண மாட்டேன். அது பின்னாடி. இன்னிக்கு வேண்டியது அண்ணிக்கான வாக்குமூலம். முதல் ரெண்டு வருஷமும் கடைசி ரெண்டு வருஷமும் வாங்கினது முழுக்க அவங்களுக்கு, நடுவுல பாதி எனக்குன்னு எழுதணும். எழுதினா எல்லாரும் படிப்பாங்க. உங்க வீட்டுக்காரர் உட்பட."

நாத்தனார் நாற்காலியை இழுத்து அண்ணிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். காலை நீட்டினார். முதல் தடவையாக அதை மூடவில்லை.

"அண்ணி, நீங்க விழுங்கினதைத்தானே எனக்கும் குடுத்தீங்க. நான்தான் தெரிஞ்சும் உங்களை விழுங்க விட்டேன். நீங்க கிழிச்சுப் போடச் சொன்னா, நான் பண்ணினது அப்படியே மண்ணுக்குள்ள போயிடும். நான் ராத்திரி எப்படித் தூங்கறது?" வக்கீலம்மாவைப் பார்த்து, "எழுதுங்க," என்றார்.

தையல்காரம்மா நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அது வெட்கத்தில் வந்த அழுகையா, ஆறு வருடப் பேச்சு திரும்பியதில் வந்ததா என்று மோப்பத்தால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"தும்மல் வருதா சார்?" என்று கேட்டுக் கைக்குட்டையை நீட்டினாள் ஊசி.

நாலு ஐம்பத்திரண்டுக்கு மனு ஜன்னலுக்குள் போயிற்று. குமாஸ்தா முத்திரை குத்தினார்.

*

மறுநாள் சனிக்கிழமை காலை மோப்பம் லாண்டரி வாசலில் நின்றார். சட்டையை இரண்டு தடவை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். ஊசி கூடவே வந்தாள். வர வேண்டாம் என்றதற்கு, "இதைப் பாக்காம விட்டா எனக்கு இந்த ஜென்மத்துல மனசு ஆறாது," என்றாள்.

நாத்தனார் மேசையில் இருந்தார். மோப்பம் அவரிடம் போய், "எல்லாரையும் ஒரு நிமிஷம் மெஷினை நிறுத்தச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நேத்து எதுக்கு வந்தீங்கன்னு கேப்பாங்களே. என்ன சொல்லப் போறீங்க?"

"நீங்க சொல்லச் சொல்றதை மட்டும் சொல்றேன்."

"உள்ளதைச் சொல்லுங்க. நேத்து ராத்திரி வீட்டுல சொல்லிட்டேன். இனிமே என்ன இருக்கு."

மெஷின்கள் நின்றன. பதினோரு பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். மோப்பம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கோர்ட்டில் எத்தனையோ தடவை கூண்டில் ஏறியிருக்கிறார், ஒருநாளும் இப்படித் தயங்கியதில்லை.

"நேத்து இவங்களை விலை போனவங்கன்னு சொன்னேன். அது பொய். இவங்க அஞ்சு காசு வாங்கல. யாருக்காகவும் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னதுக்கு நான் கத்தினேன். தப்பு என்னோடது." ஊசியை ஒரு தடவை பார்த்தார். "மாதவிடாய் நிக்கற சமயத்துல போடற ஒரு ஹார்மோன் மாத்திரை பத்தின வழக்கு. அதைச் சாப்பிட்டு இவங்க அண்ணிக்குப் புற்றுநோய் வந்துது. இவங்களுக்குக் கால்ல ரத்தம் கட்டிடுச்சு. இவங்க சாட்சி சொன்னதாலதான் வழக்கு உள்ள போச்சு. அவ்வளவுதான். என்னை மன்னிக்கணும்."

நாத்தனார் தலையை ஒரு தடவை ஆட்டினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.

அவர்கள் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கும்போது பின்னால் யாரோ வேகமாக வரும் சத்தம் கேட்டது. தலையணை உறைகளுக்கு இஸ்திரி போடும் பெண். ஐம்பது வயதிருக்கும். உள்ளே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, ரவிக்கைக்குள்ளிருந்து சின்னப் பை ஒன்றை எடுத்தாள். அதற்குள் மூன்றாக மடித்த கைக்குட்டை. கைக்குட்டைக்குள் ஒரு மாத்திரை அட்டை.

"இது இல்லையே?" என்று கேட்டாள்.

மோப்பம் வாங்கிப் பார்த்தார். பதிவேட்டில் ஏழு வருடப் பக்கங்களிலும் படித்த அதே பெயர். பாதி மாத்திரைகள் தீர்ந்திருந்தன.

"எத்தனை வருஷமா?" என்று கேட்டாள் ஊசி. அவள் குரலில் கேலி இல்லை.

"நாலு. நேத்து ராத்திரியும் போட்டேன்."

"பயப்படாதீங்க. எல்லாருக்கும் அப்படி ஆகறதில்ல. ஆனா இன்னிக்கே டாக்டரைப் பாத்துக் கேக்கணும். நானே கூட்டிட்டுப் போறேன். வீட்டுல யாருக்காவது போன் பண்ணணுமா?"

அந்தப் பெண் அட்டையைத் திரும்ப வாங்கி, கைக்குட்டையில் முன்போலவே மூன்றாக மடித்து வைத்தாள்.

"வரேன்," என்றாள். "ஆனா வீட்டுல யாருக்கும் தெரிய வேணாம்."